கலா: விசா மறுக்கப்பட்ட ஓர் இசைத்தட்டு

இங்கே கராமாவில் மணி இரவு எட்டு. சென்னையில் ஒன்பதரை ஆகியிருக்கும். சிங்கப்பூர் நண்பர்கள் நள்ளிரவில் கண்விழித்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். இருந்தாலும் கீழே உள்ள உணவகத்தில் பரோட்டா தட்டும் சத்தம் உங்களுக்கும் கேட்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சுக்கு அது பொருத்தமான தாளம்தான்.

வழக்கமாக இந்த நேரலையில் நாவல், சிறுகதை என்று பேசுவோம். இன்று ஓர் இசைத்தொகுப்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவித்ததும் இரண்டு நண்பர்கள் தனியாகக் கேட்டார்கள், இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று. பேச்சின் நடுவில் ஒரு தமிழ் நாவல் வரும், அதுவரை காத்திருங்கள்.

தொகுப்பின் பெயர் 'கலா'. 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. பாடியவர் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த மாதங்கி மாயா அருள்பிரகாசம். கடையில் இதை எந்த அலமாரியில் வைப்பது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஹிப் ஹாப் என்பார்கள், நடன இசை என்பார்கள். நான் இதைப் பங்க் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றிவர வேண்டும், இந்தத் தெருவிலிருந்தே தொடங்குகிறேன்.

2007இல் நான் கராமாவில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தேன். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விசா விண்ணப்பம், விசா புதுப்பித்தல், விசா கேன்சல் என அரசுக்குப் போகும் படிவங்களை எல்லாம் அரபியில் அடித்துக்கொடுக்கும் சின்னக் கடை. ஒருவர் பெயரின் எழுத்தில் ஒரு புள்ளி தவறினால் அவருடைய ஒரு மாதம் போய்விடும். அந்த வருடக் கோடையில் இங்கே பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். விசா முடிந்தும் தங்கியிருப்பவர்கள் அபராதமில்லாமல் ஊருக்குப் போகலாம் என்றார்கள். அப்படி ஆவணமில்லாமல் இருப்பவர்களுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் உங்களில் பலருக்குத் தெரியும்: கல்லிவல்லி. அரபியில் 'விட்டுத்தள்ளு' என்ற மாதிரியான சொல். அதையே மனிதர்களுக்குப் பெயராக வைத்துவிட்டோம். கடை வாசலில் காலை ஆறு மணிக்கே கல்லிவல்லிகள் வரிசையில் நிற்பார்கள். கையில் பாஸ்போர்ட் நகல் இருக்கும். பல பேரிடம் அதுவும் இருக்காது.

அந்த மாதங்களில்தான் லண்டனில் 'கலா' வெளிவந்தது. எனக்கு அப்போது அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2009இல், கராமாவில் பையில் டிவிடி வைத்துக்கொண்டு கட்டடம் கட்டடமாக விற்கும் சீனப் பெண்மணி ஒருவரிடம் 'ஸ்லம்டாக் மில்லியனர்' வாங்கினேன். திருட்டு டிவிடிதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படத்தில் சிறுவர்கள் ரயில் கூரையில் போகும் இடத்தில் ஒரு பாட்டு வரும். தூங்கவைப்பதுபோல ஒரு கிடார் மெட்டு. பிறகு சிறுவர்கள் குரலில் பல்லவி. பல்லவியின் நடுவே துப்பாக்கி வெடிக்கும் சத்தம், துப்பாக்கியை மறுபடி நிரப்பும் சத்தம், கடையில் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது கல்லாச் சத்தத்துக்குத்தான். நாள் முழுக்க நான் கேட்கும் சத்தம் அது.

பாட்டின் பெயர் 'பேப்பர் பிளேன்ஸ்', அதாவது காகித விமானங்கள். போலி விசா அடித்து விற்கும் ஒருத்தியின் ஜம்பப் பேச்சுதான் பாட்டு. நானோ அசல் விசாவுக்குப் படிவம் அடிப்பவன். எனக்கு அது பிடிக்காமல் போனதற்கும், மனதைவிட்டுப் போகாததற்கும் காரணம் ஒன்றுதான்.

அந்தக் கிடார் மெட்டு அவருடையது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. த கிளாஷ் என்ற ஆங்கிலேயக் குழு 1982இல் 'காம்பட் ராக்' தொகுப்பில் பாடிய 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' என்ற பாட்டிலிருந்து எடுத்தது. அதனால் கிளாஷைப் பற்றிக் கொஞ்சம்.

1976 வாக்கில் லண்டனில் பங்க் பிறந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்த காலம். ராக் இசைக்காரர்களோ பெரும் பணக்காரர்களாகி, இருபது நிமிட கிடார் ஆலாபனை செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு எதிராக வந்த இளைஞர்கள், மூன்று கிடார் கட்டைகள் தெரிந்தால் போதும், மேடை ஏறிக் கத்து என்றார்கள். இங்கே ஒரு வேடிக்கை. பங்க் குழுக்கள் ஆடிய ராக்ஸி கிளப்பில் தட்டுப் போடும் வேலை டான் லெட்ஸ் என்ற கறுப்பின இளைஞரிடம் இருந்தது. பங்க் இசைத்தட்டுகளே அப்போது போதுமான அளவுக்கு வந்திருக்கவில்லை. அவர் தன்னிடமிருந்த ஜமைக்கா ரெகே தட்டுகளைப் போட்டார். கோபமாகக் கத்திவிட்டு இறங்கிய வெள்ளைப் பையன்கள் கரீபியக் குடியேறிகளின் இசையைக் கேட்டு வளர்ந்தார்கள். கிளாஷ் அந்தக் காதுகளுடன் வந்த குழு.

அவர்களுடைய 'லண்டன் காலிங்' 1979 டிசம்பரில் வந்தது. இரட்டைத் தட்டு, பத்தொன்பது பாடல்கள், ஒற்றைத் தட்டின் விலை. அந்த விலைக்காக அவர்கள் கம்பெனியோடு மல்லுக்கட்டினார்கள். ரெகே, ஸ்கா, ராக்கபிலி, ஜாஸ் என்று அதில் இல்லாததில்லை. இதைக் கேட்டுச் சுத்த பங்க் ரசிகர்கள் சிலர் துரோகம் என்றார்கள். நம் ஊரில் மேடையில் நாகஸ்வரத்தோடு கிடார் வந்தால் எழும் முணுமுணுப்பு போலத்தான். ஆனால் லண்டனின் தெருக்களிலேயே அந்த இசைகளெல்லாம் கலந்துதான் கிடந்தன. தலைப்பு, போர்க்காலத்தில் பிபிசி வானொலி தன்னை அறிவித்துக்கொண்ட சொற்றொடரிலிருந்து வந்தது. அந்தப் பாட்டில் தேம்ஸ் ஊருக்குள் புகுந்துவிடும் என்ற பயமும், அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் நடந்த விபத்தின் பயமும் இருக்கின்றன. பிரிக்ஸ்டனில் வளர்ந்த பால் சைமனன் அந்தப் பகுதியைப் பற்றி எழுதிய பாட்டும் இதில்தான் இருக்கிறது. 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் கலவரம் வெடித்தபோது அந்தப் பாட்டுக்கு ஒன்றரை வயது.

'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' இவற்றையெல்லாம்விட அடங்கிய பாட்டு. பங்க் குழுவின் பாட்டு என்று நம்ப முடியாது. மேளம் போசா நோவா நடையில் போகிறது. ஜோ ஸ்ட்ரம்மர் அதில் ஊர் ஊராகப் போகிறார். எஃகு ஆலைகள் மூடிய வடக்கு இங்கிலாந்து, வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள், நியூயார்க்கின் குடியேறிகள். எங்கும் யாருக்கும் வேண்டாதவர்கள். அப்பாவின் நாட்டுக்கு வருகிறேன் என்கிற பிள்ளைக்குக் கதவு திறக்கவில்லை. என்னைக் கேட்டால் கிளாஷின் ஆகச் சிறந்த பாட்டு இதுதான். ஆனாலும் அது வெளியிலிருந்து பார்ப்பவரின் பாட்டு. ஸ்ட்ரம்மர் பிரிட்டிஷ் வெளியுறவு அதிகாரியின் மகன், அங்காராவில் பிறந்தவர். அவர் இரக்கத்தோடு பார்க்கிறார். பார்க்கப்படும் பிள்ளை அதில் வாய் திறந்து பேசுவதில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளையின் இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வந்தது ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல்.

மாயா 1975இல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுபோகப்பட்டார். போர் மூண்டதும் சில காலம் தமிழ்நாட்டில். பத்துப் பதினோரு வயதில், 1986 வாக்கில், தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக மறுபடி லண்டன். மிட்சம் பகுதியில் கவுன்சில் வீடு. தந்தை அருள்பிரகாசம், இயக்கப் பெயர் அருளர், ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

நான் சொன்ன நாவல் இங்கேதான் வருகிறது. அருளர் எழுதிய 'லங்கா ராணி'. 1977 வன்முறைக்குப் பிறகு கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலில் நடக்கும் கதை. கப்பலின் பெயரே நாவலின் பெயர். அந்த மேல்தட்டில் அலுவலகக்காரர், மாணவர், தொழிலாளி எல்லோரும் அவரவர் கதையோடு நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஈழ நாவல் வாசிப்பவர்கள் தவறவிடக் கூடாதது. மகளின் முதல் தொகுப்பு 2005இல் வந்தது, பெயர் 'அருளர்'. வீட்டில் அதிகம் இல்லாத தகப்பனின் பெயர். இரண்டாவதற்குத் தாயின் பெயர்: கலா. பிள்ளைகளை வளர்க்கத் தையல் வேலை செய்தவர் அவர். பிரிட்டிஷ் அரசு தரும் பதக்கங்களையும் தைத்தார். 2020இல் மகளுக்கே எம்பிஇ பதக்கம் கிடைத்தபோது இந்தச் சேதி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

இரண்டாவது தொகுப்பை அமெரிக்காவில் உட்கார்ந்து, டிம்பலாண்ட் போன்ற பெரிய தயாரிப்பாளர்களோடு செய்வதாகத்தான் திட்டம். 2006இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. அதனால் அவர் ஊர் சுற்றத் தொடங்கினார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா. போன இடமெல்லாம் கிடைத்த சத்தங்களைப் பதிவு செய்தார். 'கலா'வில் இத்தனை இசைகள் கலந்திருப்பதை விமரிசகர்கள் துணிச்சலான பரிசோதனை என்று எழுதினார்கள். அதற்குள் ஒரு தூதரகச் சன்னலில் திருப்பித் தரப்பட்ட விண்ணப்பம் இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். வந்த வழியில் போக முடியாதவர் சுற்றிப் போனார். விசிட் விசா முடிந்து கிஷ் தீவுக்குப் போய்க் காத்திருந்து திரும்பியவர்கள் இந்த நேரலையிலேயே சிலர் இருப்பீர்கள். அங்கே தங்கும் விடுதியில் ஒரே அறையில் பிலிப்பைன்ஸ்காரரும் மலையாளியும் எத்தியோப்பியரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டிருப்பீர்கள். அந்தக் கலப்பை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பயன்படுத்திக்கொண்டார். இருபதுக்கும் மேற்பட்ட நம் மேளக்காரர்களை வரவழைத்து உருமி அடிக்கவைத்தார். உருமி மேளத்தை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலேசிய நண்பர்கள் இதில் எனக்குப் பாடம் எடுப்பீர்கள். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிக்க, மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, விலங்கு உறுமுவதுபோல ஒரு சத்தம் எழும். கோயில் கொடையிலும் சாவு வீட்டிலும் கேட்டு வளர்ந்த சத்தம். அது 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டில் கோழி கத்தும் ஒலியோடு, மேற்கத்திய நடனக்கூடங்களுக்கே உரிய அதிர்வோடு வருகிறது. முதல் முறை கேட்டபோது எனக்குத் தலைவலிதான் வந்தது. இப்போது தொகுப்பிலேயே ஆகச் சிறந்தது இதுதான் என்று சொல்வேன். உருமியைப் 'பாரம்பரிய வாத்தியம்' என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்காமல், அதன் முரட்டுத்தனத்தோடே விட்டிருக்கிறார்.

முதல் பாட்டைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். 'பாம்பூ பங்கா'. அமெரிக்காவின் ஜொனாதன் ரிச்மன், பங்க் என்ற பெயர் வருவதற்கு முன்பே, பாஸ்டன் பக்கத்து நெடுஞ்சாலையில் இரவில் காரோட்டும் சந்தோஷத்தைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். பங்க் இசைக்குப் பாட்டன் முறை அது. மாயா அதன் சொற்களை எடுத்துக்கொண்டு ஊர்ப்பெயர்களை மாற்றிவிடுகிறார். ஆப்பிரிக்காவும் ஆசியாவும் உள்ளே வருகின்றன. காருக்குள் இருப்பவரின் பாட்டு, கார்க் கண்ணாடியை வெளியிலிருந்து தட்டுபவரின் பாட்டாகிறது. பின்னால் ஒரு தாளம் போகிறது, நமக்கு எங்கேயோ கேட்ட தாளம். 1991இல் வந்த 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து எடுத்தது, இளையராஜா! கராமாவில் என் அறை நண்பர்களுக்கு இதைப் போட்டுக் காட்டியபோது, 'அண்ணே, நம்ம பாட்ட எவனோ சுட்டுட்டான்ணே' என்றார் மதுரைக்காரத் தம்பி. பெயர் போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லியும் சமாதானமாகவில்லை.

மற்றப் பாடல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஜிம்மி' 1982இல் வந்த 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் படத்துப் பாட்டின் மறுபிறவி, பப்பி லஹிரியின் மெட்டு. 'ஹஸல்' பாட்டில் ஆஃப்ரிகன் பாய் என்ற நைஜீரிய வம்சாவளி லண்டன் இளைஞர், ஆவணமில்லாமல் பிழைப்பு நடத்துவதைக் கிண்டலாகப் பாடுகிறார். இன்னொரு பாட்டின் தலைப்பு இருபது டாலர். ஆப்பிரிக்காவில் ஏகே-47 துப்பாக்கி அந்த விலைக்குக் கிடைப்பதைச் சொல்கிறது. ஒன்றில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சிறுவர்கள் மீன் பிடிப்பது பற்றிப் பாடுகிறார்கள். கடைசியில் டிம்பலாண்டோடு செய்த பாட்டு எனக்கு ஒட்டவில்லை. விசா கிடைத்திருந்தால் தொகுப்பு முழுக்க இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றும்.

இனி 'பேப்பர் பிளேன்ஸ்'. டிப்ளோ என்ற தயாரிப்பாளரோடு செய்தது. கிளாஷின் நால்வர் பெயரும் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் இருக்கிறது. குடியேறிகளை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றியது என்று மாயா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உங்கள் டாக்சியை ஓட்டுபவர், உங்கள் கடையில் நிற்பவர் வாயைத் திறந்தால் என்ன சொல்வார் என்று நீங்கள் பயப்படுகிறீர்களோ, அதையே பாட்டாக்கிப் பாடினால்? எங்களைத் திருடர், ஆயுதம் வைத்திருப்பவர், உங்கள் பணத்துக்காக வந்தவர் என்று நினைக்கிறீர்கள் அல்லவா, சரி, அப்படியே ஆகட்டும் என்று சிரித்துக்கொண்டே வேஷம் கட்டுகிறார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலைக்கு இது பக்கத்தில் வரும். பார்வையாளரின் பயத்தை அவர்களிடமே திருப்பிக் காட்டுவது. ஸ்ட்ரம்மர் இரங்கிப் பாடிய அதே மெட்டின் மேல் ஏறி நின்று, எனக்கு இரக்கம் வேண்டாம் என்கிறார். ஸ்ட்ரம்மர் இதைக் கேட்கவில்லை, 2002 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். கேட்டிருந்தால் சிரித்திருப்பார் என்பது என் ஊகம்.

2007இல் டேவிட் லெட்டர்மன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடியபோது துப்பாக்கிச் சத்தத்தை மாற்றிவிட்டார்கள். எம்டிவியும் வீடியோவில் அதையே செய்தது. கல்லாப்பெட்டிச் சத்தத்தில் யாரும் கைவைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் பாட்டு வந்தது, அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. 2009 பிப்ரவரியில் கிராமி மேடையில், பேறுகாலத்துக்குக் குறித்திருந்த அதே நாளில், நிறைமாத வயிற்றோடு நின்று பாடினார். வன்னியில் போரின் கடைசி மாதங்கள் அவை. கிடைத்த மைக்கில் எல்லாம் அதைப் பற்றிப் பேசினார்.

இவர்மீது எனக்கும் கேள்விகள் உண்டு. போரில் வீட்டைப் பறிகொடுத்தவர்களில் சிலர், எங்கள் வலி இவருக்கு மேடை அலங்காரமா என்று கேட்டார்கள். புலி உருவத்தையும் துப்பாக்கியையும் அவர் தன் ஓவியங்களிலும் உடைகளிலும் பயன்படுத்திய விதம், எல்லாத் தரப்பிலும் இழப்புகளைச் சந்தித்த குடும்பங்களுக்குச் சுலபமாகத் தொண்டையில் இறங்காது. அந்தக் கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. இன்னொன்று, அந்த உருமிக்காரர்கள். கிளாஷின் பெயர் தெரிகிறது, இளையராஜாவின் பெயர் தெரிகிறது. சென்னையில் வந்து வாசித்துவிட்டுப் போனவர்களில் ஒருவர் பெயரையாவது கேட்பவர்களில் எத்தனை பேர் சொல்வோம்? 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கம் மைதானத்தில் 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறியபோது இந்த இடம்தான் மாறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய பத்தொன்பது பேர் குழு. கானா, பறை, சட்டி, ராக், ராப் எல்லாம் கலந்து இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் பாடினார்கள். அங்கே பறையும் சட்டியும் அடித்தவர்கள் குழுவின் உறுப்பினர்கள், பாடகி இசைவாணி மாதிரியே பெயரோடு நின்றவர்கள். அவர்களைப் பற்றித் தனியாக ஒரு நேரலை வேண்டும்.

கடைசியாக ஒன்று, சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். அந்தப் பொதுமன்னிப்புக் காலத்தில் ஒரு மத்தியானம் ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டார். அசல் பாஸ்போர்ட் அவர் வேலை பார்த்த கம்பெனியிடம், அந்தக் கம்பெனியைக் காணவில்லை. கையில் விசா பக்கத்தின் நகல் மட்டும். 'அண்ணே, இந்தத் தேதிய மட்டும் கொஞ்சம் மாத்தி ஒரு காப்பி எடுத்துத் தாங்கண்ணே. சைட்டுல ஃபோர்மன் காப்பியத்தான் பாப்பாரு' என்றார். முடியாது என்றேன். அவுட்பாஸ் வாங்கி ஊருக்குப் போங்கள், இப்போது போனால் அபராதம் இல்லை என்று விளக்கினேன். ஊரில் வட்டிக்கு வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது, எந்த முகத்தோடு போவது என்றார். நான் மறுபடியும் முடியாது என்றேன். செய்தது சரிதான், செய்திருந்தால் நான் ஜெயிலில் இருந்திருப்பேன். வரிசையில் அடுத்தவர் நகர்ந்து முன்னால் வந்துவிட்டார். கல்லாப்பெட்டி திறந்து மூடியது. அவர் போன பிறகுதான் நகலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனதைப் பார்த்தேன். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன், மீன் மார்க்கெட் வரைக்கும். காணவில்லை. திரும்பி வருவார் என்று அந்தத் தாளை இழுப்பறையில் வைத்திருந்தேன். அந்தக் கடையைவிட்டு நான் விலகும்வரை அங்கேயே இருந்தது.

இவ்வளவுதான் நண்பர்களே. கேள்விகளுக்குப் போகலாம். டொராண்டோவிலிருந்து ஓர் அக்கா வெகு நேரமாகக் கையை உயர்த்தியிருக்கிறார். அக்கா, உங்கள் மைக் மூடியிருக்கிறது, திறந்துகொள்ளுங்கள்.